பாப் ஸ்மியரில் ‘தெளிவில்லை’ என்று வந்தால் அடுத்து எந்தச் சோதனை? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

செல் பரிசோதனைக் கூடத்தில் ஸ்லைடு பார்ப்பது என் வேலை. பாப் ஸ்மியருக்காகக் கருப்பை வாயிலிருந்து எடுத்து வரும் செல்களை மைக்ரோஸ்கோப்பில் பார்த்து, மாறுதலாகத் தெரிவதைப் புள்ளி வைத்து நோயியல் மருத்துவரிடம் அனுப்புவேன். ரிப்போர்ட் வாங்க வருகிற பெண்கள் கவரைப் பிரித்துவிட்டு என் மேசைக்கே வந்து நிற்பார்கள். “அக்கா, இதுல என்ன போட்டிருக்கு?” என்று தொடங்கி, வருடக்கணக்காக அதே சந்தேகங்களைத்தான் கேட்கிறார்கள். அவர்கள் கேட்ட வார்த்தைகளிலேயே கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். உங்களுக்கு என்ன சிகிச்சை என்று முடிவு செய்ய வேண்டியவர் உங்களைப் பரிசோதித்த மகப்பேறு மருத்துவர். அவரிடம் என்ன கேட்பது என்று தெரிந்துகொண்டு போக இந்தப் பக்கம் உதவும்.

“ரிப்போர்ட்டில் ‘ஆஸ்கஸ்’னு போட்டிருக்கு. எனக்குப் புற்றுநோயா?”

இல்லை. கருப்பை வாயின் மேல்தோல் செல்களில் சில வழக்கம்போல் இல்லை, ஏன் அப்படி என்று பார்வையை மட்டும் வைத்துச் சொல்ல முடியவில்லை. அந்தச் சொல்லுக்கு அவ்வளவுதான் பொருள். 1988-இல் அமெரிக்காவின் பெதெஸ்தாவில் நிபுணர்கள் கூடி வகுத்த முறைப்படிதான் இன்றும் பாப் ரிப்போர்ட் எழுதுகிறோம். ‘ஆஸ்கஸ்’ அதில் உள்ள மிக லேசான சந்தேக வகை.

ஆனாலும் அதை அலமாரியில் போட்டுவிடக் கூடாது. 1990-களின் பிற்பகுதியில் அமெரிக்க தேசியப் புற்றுநோய் நிறுவனம் ‘ஆல்ட்ஸ்’ என்ற பெரிய ஆய்வைத் தொடங்கியது. ஆஸ்கஸ் ரிப்போர்ட்டுடன் வந்த பெண்களில் நூற்றுக்கு ஐந்து பேரிடம் ‘சின் 3’ இருந்தது. சின் 3 என்பது புற்றுநோய்க்கு முந்தைய கடைசிப் படி. அதை அந்தப் படியிலேயே எடுத்துவிட முடியும். அந்த ஐந்து பேர் யார் என்று கண்டுபிடிப்பதற்காகத்தான் கீழே வரும் சோதனைகள் எல்லாம்.

“நீங்க கண்ணால பாக்கறீங்கதானே, ஏன் உறுதியா சொல்ல முடியல?”

சாயம் ஏற்றிய ஸ்லைடில் ஒரு நல்ல செல் மெல்லிய அப்பளம் மாதிரி பரந்து கிடக்கும். வெளிர் நீலப் பச்சை நிறம், நடுவில் சின்னதாகக் கருநீல உட்கரு. பக்கத்தில் உள்ள நல்ல செல்லின் உட்கருதான் எங்களுக்கு அளவுகோல். ஒரு செல்லின் உட்கரு அதைப்போல் இரண்டரை முதல் மூன்று மடங்கு பரப்பு இருந்தால் ஆஸ்கஸ் பக்கம் போகிறோம். மூன்று மடங்கைத் தாண்டி, சுற்றிலும் வெட்டி எடுத்தாற்போல் வெள்ளை வளையமும் இருந்தால் அது ‘எல்சில்’, அதாவது எச்பிவி வைரஸ் செய்த லேசான மாற்றம்.

இரண்டரைக்கும் மூன்றுக்கும் நடுவில் கோடு கிழிப்பது எவ்வளவு கஷ்டம் என்று பாருங்கள். வெள்ளைப்படுதல், புண், மாதவிடாய் நின்றபின் வரும் வறட்சி எல்லாமே உட்கருவைப் பெரிதாக்கிக் காட்டும். ஸ்லைடை ஆல்கஹாலில் போடத் தாமதித்துக் காற்றில் காய்ந்துபோனாலும் அப்படித்தான். ஒரே ஸ்லைடை அனுபவமுள்ள இரண்டு பேர் பார்த்து இரண்டு விதமாகச் சொல்வதும் உண்டு. அதனால்தான் கண்ணை நம்பாத இன்னொரு சோதனை தேவைப்படுகிறது.

“மறுபடி ஒரு பாப் எடுத்தாப் போதாதா? எச்பிவி டெஸ்ட் செலவு அதிகமாச்சே.”

என்னிடம் அதிகம் கேட்கப்பட்ட கேள்வி இது. ஆல்ட்ஸ் ஆய்வின் கணக்கை ஆயிரம் பெண்களுக்கு விரித்துப் பார்க்கலாம். ஆஸ்கஸ் வந்த ஆயிரம் பேரில் 51 பேருக்கு சின் 3 இருக்கிறது. எல்லோருக்கும் எச்பிவி டிஎன்ஏ சோதனை செய்தால் 561 பேருக்கு பாசிட்டிவ் வரும். அவர்களைக் கால்போஸ்கோபிக்கு, அதாவது கருப்பை வாயைக் கருவி வழியாகப் பெரிதாக்கிப் பார்க்கும் பரிசோதனைக்கு, அனுப்பினால் 51-இல் 49 பேர் பிடிபடுவார்கள்.

அதே ஆயிரம் பேருக்கு மறுபடி ஒரு பாப் எடுத்து, ஆஸ்கஸோ அதற்கு மேலோ வந்தால் அனுப்புவது என்று வைத்தால் 586 பேர் போவார்கள். பிடிபடுவது சுமார் 43 பேர். அதிகம் பேரை அனுப்பியும் குறைவாகத்தான் கிடைக்கிறது. ‘கடுமையான மாற்றம் தெரிந்தால் மட்டும் அனுப்பலாம்’ என்று இறுக்கிப் பிடித்தால் 69 பேர் போனால் போதும், ஆனால் சின் 3 உள்ளவர்களில் பாதிக்கு மேல் தவறிவிடுவார்கள்.

ஆஸ்கஸுக்கு எச்பிவி சோதனைதான் சரியான அடுத்த படி என்று நான் அடித்துச் சொல்வது இதனால்தான். ஒரே ஒரு மறு பாப் நார்மல் என்று வந்ததும் ‘சரியாப் போச்சு’ என்று விட்டுவிடுவது எனக்கு மிகவும் பயம் தருகிற விஷயம். எச்பிவி சோதனைக்கு வழியே இல்லாத ஊர் என்றால் ஒரு வருடத்தில் மறு பாப் எடுக்கலாம். எடுத்ததோடு நிறுத்தாமல் அடுத்த வருடங்களிலும் தொடர வேண்டும்.

“அந்த டெஸ்ட்ல அப்படி என்னதான் பாக்கறாங்க?”

கருப்பை வாய்ப் புற்றுநோய் கிட்டத்தட்ட எல்லாமே எச்பிவி என்ற வைரஸால் வருவது. இதைக் காட்டியதற்காக ஜெர்மனியின் ஹரால்ட் ட்சூர் ஹவுசனுக்கு 2008-இல் நோபல் பரிசு கிடைத்தது. வைரஸில் நூற்றுக்கும் மேல் வகைகள் உண்டு, ஆபத்தானவை சுமார் 14. அவற்றில் 16, 18 இரண்டு மட்டுமே பத்தில் ஏழு புற்றுநோய்களுக்குக் காரணம்.

செல்லின் வடிவத்தை இந்தச் சோதனை பார்ப்பதில்லை. அந்த ஆபத்தான வகைகளின் டிஎன்ஏ சாம்பிளில் இருக்கிறதா என்று இயந்திரம் தேடுகிறது. இன்று யார் ஸ்லைடு பார்த்தார், எத்தனை மணி நேரமாகப் பார்த்துக் களைத்திருந்தார் என்பதெல்லாம் இதைப் பாதிக்காது.

“நெகட்டிவ்னு வந்துச்சு. நிம்மதியா இருக்கலாமா?”

இருக்கலாம். ஆஸ்கஸும் எச்பிவி நெகட்டிவும் சேர்ந்து வந்தால் அந்த நேரத்தில் சின் 3 இருக்கும் வாய்ப்பு ஆயிரத்தில் ஒன்றைவிடவும் குறைவு. அமெரிக்க வழிகாட்டு நெறிகள் அப்படிப்பட்டவரை மூன்று வருடம் கழித்து வரச் சொல்கின்றன. இந்தச் சோதனையின் பெரிய பலமே அதன் ‘இல்லை’தான்.

ஒரு விலக்கு. உறவுக்குப் பின் ரத்தம், மாதவிடாய் நின்றபின் ரத்தம், நாற்றத்தோடு ரத்தம் கலந்த கசிவு இதில் எது இருந்தாலும் எந்த நெகட்டிவ் ரிப்போர்ட்டையும் நம்பிக்கொண்டு வீட்டில் இருக்காதீர்கள். இந்தச் சோதனைகள் எல்லாம் அறிகுறி இல்லாதவர்களுக்காக உருவானவை. எச்பிவி இல்லாமலே வரும் அரிதான கருப்பை வாய்ப் புற்றுநோய்களும் இருக்கின்றன. ரத்தம் கண்டால் நேரே மருத்துவரிடம் போய்ப் பரிசோதித்துக்கொள்ள வேண்டும்.

“பாசிட்டிவ்னு வந்துடுச்சு அக்கா. இனிமே என்ன?”

முதலில் மூச்சு விடுங்கள். வைரஸ் இருக்கிறது என்பதும் நோய் இருக்கிறது என்பதும் வேறு வேறு. பெரும்பாலானவர்களின் உடம்பு இரண்டு வருடத்துக்குள் அதைத் தானே அடக்கிவிடும். முந்தைய கணக்கிலேயே 561 பேருக்கு பாசிட்டிவ், சின் 3 இருந்தது 49 பேருக்குத்தான்.

ஆனால் ஆஸ்கஸும் பாசிட்டிவும் சேர்ந்தால் சின் 3 வாய்ப்பு நூற்றுக்கு நான்கைத் தாண்டுகிறது. கால்போஸ்கோபி செய்யலாம் என்று அமெரிக்க நெறிகள் வைத்திருக்கும் கோடும் அந்த நான்குதான். கால்போஸ்கோபி என்றால் அறுவை சிகிச்சை கிடையாது. கருப்பை வாயில் அசிட்டிக் அமிலம் தடவி, பெரிதாக்கிக் காட்டும் கருவி வழியாகப் பார்த்து, வெளுத்துத் தெரியும் இடத்தில் அரிசி அளவு சதை எடுப்பார்கள், அதுதான் பயாப்ஸி. 25 வயதுக்குக் கீழ் இருப்பவர்களுக்கு இந்தத் தொற்று மிகச் சாதாரணம், தானாகப் போவதும் அதிகம். அவர்களைப் பொதுவாக ஒரு வருடம் கழித்து மறு பாப் எடுக்கச் சொல்வார்கள்.

“அப்ப என் வீட்டுக்காரர் மேல சந்தேகப்படணுமா?”

குரலைத் தாழ்த்திக் கேட்பார்கள். சில நேரம் கணவர் வந்து மனைவியைப் பற்றி இதையே கேட்பார். இந்த ரிப்போர்ட்டை வைத்து யாரையும் சந்தேகப்பட முடியாது. வைரஸ் உடம்பில் பல வருடம் சத்தமில்லாமல் இருந்துவிட்டுப் பிறகு சோதனையில் தென்படலாம். எப்போது வந்தது, யாரிடமிருந்து வந்தது என்று எந்த லேபும் சொல்ல முடியாது. திருமணமாகி இருபது வருடம் ஆன பெண்ணுக்கு இன்று பாசிட்டிவ் வருவதற்குப் புதிதாக எதுவும் நடந்திருக்க வேண்டியதில்லை. இதைக் கணவருக்கும் சொல்லுங்கள். இந்தப் பயத்தாலேயே அடுத்த சோதனைக்கு வராமல் போனவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

“ஒரு லேப்ல 14 வகை பாக்கறாங்க, இன்னொண்ணுல 28 வகை. நிறைய பாக்கறதுதானே நல்லது?”

அப்படி இல்லை. கூடுதலாக வரும் வகைகளில் பல புற்றுநோயோடு தொடர்பில்லாதவை. 6, 11 இரண்டும் மருவை உண்டாக்குபவை. அவை பாசிட்டிவ் என்று வந்தால் உங்களுக்குக் கூடப்போவது பயமும் செலவும்தான். நீங்கள் கேட்க வேண்டியது எண்ணிக்கையை இல்லை. “இது கருப்பை வாய்ப் புற்றுநோய்ப் பரிசோதனைக்கென்று ஆய்வு செய்து அங்கீகரித்த கிட்டா, 16-ஐயும் 18-ஐயும் தனியாகச் சொல்லுமா?” என்று கேளுங்கள்.

பழைய ஹைப்ரிட் கேப்சர் முறை 13 வகைகளை ஒரே கூட்டமாகத் தேடி ‘உண்டு’ அல்லது ‘இல்லை’ என்று மட்டும் சொல்லும். கோபாஸ் போன்ற பிசிஆர் கருவிகள் 16, 18 இரண்டையும் தனித்தனியாகவும் மீதி 12-ஐச் சேர்த்தும் சொல்லும். ஆப்டிமா என்பது டிஎன்ஏவை விட்டு, வைரஸ் வேலை செய்யும்போது உண்டாகும் ஆர்என்ஏவைத் தேடுகிறது. நோயைப் பிடிப்பதில் டிஎன்ஏ முறைகளுக்குச் சமம், வீண் பாசிட்டிவ் கொஞ்சம் குறைவு. இவற்றில் எது கிடைத்தாலும் சரிதான். ரத்தத்தில் எச்பிவி பார்க்கிறோம் என்று யாராவது சொன்னால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

“16 பாசிட்டிவ்னு தனியா எழுதியிருக்காங்களே, அது ரொம்ப மோசமா?”

மற்ற வகைகளைவிடக் கவனம் அதிகம் வேண்டும். 16 இருந்தால் பாப் நார்மலாக இருந்தாலும் கால்போஸ்கோபி செய்வார்கள். 18-க்கும் அப்படித்தான். அது கருப்பை வாயின் உள்வழியில் இருக்கும் சுரப்பிச் செல்களில் ஒளிந்து வளரக்கூடியது, அந்த இடம் பாப் தூரிகைக்குச் சரியாக எட்டாது. மற்ற 12 வகைகளில் ஏதோ ஒன்று என்றால் பாப்பில் என்ன இருக்கிறது என்பதையும் சேர்த்து முடிவெடுப்பார்கள்.

“எனக்கு ஆஸ்கஸ் இல்ல, எல்சில். நானும் எச்பிவி டெஸ்ட் எடுக்கணுமா?”

பெரும்பாலும் பணம் வீண். எல்சில் என்பதே வைரஸ் செய்த மாற்றம் என்று முன்பு சொன்னேன். ஆல்ட்ஸ் ஆய்வில் எல்சில் வந்தவர்களில் நூற்றுக்கு 83 பேருக்கு பாசிட்டிவ் வந்தது. யாரையும் பிரித்துக் காட்டவில்லை என்பதால் அந்தப் பகுதியைப் பாதியிலேயே நிறுத்திவிட்டார்கள். மாதவிடாய் நின்றவர்களுக்கு மட்டும் ஓரளவு பயன் உண்டு, அவர்களிடம் நெகட்டிவ் வருவது கூடுதல்.

‘ஏஎஸ்சி-எச்’ என்று இருந்தால் கதை வேறு. ஆஸ்கஸ் மாதிரியே தோன்றும், ஆனால் கடைசியில் உள்ள அந்த ‘எச்’ என்ற ஒரு எழுத்து ‘கடுமையான மாற்றத்தை ஒதுக்கிவிட முடியவில்லை’ என்று சொல்கிறது. நேராகக் கால்போஸ்கோபிக்குப் போக வேண்டும், எச்பிவி நெகட்டிவ் வந்தாலும் போக வேண்டும். ‘ஏஜிசி’ என்றால் சுரப்பிச் செல்களில் சந்தேகம். அங்கேயும் எச்பிவி சோதனையை மட்டும் நம்ப முடியாது. மாற்றம் கருப்பையின் உள்சுவரிலிருந்து வந்திருக்கலாம், அதற்கும் எச்பிவிக்கும் சம்பந்தமில்லை. 35 வயதுக்கு மேல் என்றால் உள்சுவரிலிருந்தும் சாம்பிள் எடுப்பார்கள். ரிப்போர்ட்டில் இந்த எழுத்துகளை விரல் வைத்துப் படியுங்கள். ‘ஆஸ்கஸ்தானே’ என்று நினைத்து ஏஎஸ்சி-எச் ரிப்போர்ட்டோடு ஒரு வருடம் சும்மா இருந்துவிட்டு வந்தவரை எனக்குத் தெரியும்.

“நான் முதல்லயே எச்பிவி டெஸ்ட்தான் எடுத்தேன். பாசிட்டிவ், ஆனா பாப் நார்மல். எதை நம்பறது?”

இரண்டையும். இப்போது உலக சுகாதார நிறுவனமே 30 வயதிலிருந்து எச்பிவி சோதனையை முதல் சோதனையாகப் பரிந்துரைக்கிறது, அதனால் இந்தக் கேள்வி அதிகமாக வருகிறது. இங்கே சந்தேகம் தலைகீழ்: வைரஸ் உறுதி, அது ஏதாவது செய்கிறதா என்பதுதான் தெரியவில்லை. 16 அல்லது 18 என்றால் மேலே சொன்னபடி கால்போஸ்கோபி. மற்ற வகை, பாப் நார்மல், முதல் தடவை என்றால் ஒரு வருடம் கழித்து மறுபடி பார்ப்பார்கள். அடுத்த வருடமும் பாசிட்டிவாகவே இருந்தால் கால்போஸ்கோபி. தங்கிவிடுகிற வைரஸ்தான் ஆபத்தானது.

“டூயல் ஸ்டெயின்னு ஒண்ணு சொல்றாங்களே?”

நான் மிகவும் விரும்பிப் பார்க்கும் ஸ்லைடு அது. ஒரு செல்லுக்குள் வைரஸ் வேரூன்றிவிட்டால், செல்லின் வளர்ச்சிக்கு இருக்கும் பிரேக்கை அதன் இ7 புரதம் உடைத்துவிடும். செல் பதறிப்போய் பி16 என்ற இன்னொரு பிரேக்கைக் குவிக்கும், ஆனால் பயனில்லை. கேஐ-67 என்பது பிரிந்து பெருகும் செல்லில் மட்டும் தெரிவது. நல்ல செல்லில் பிரேக்கும் ஓட்டமும் ஒன்றாக இருக்காது. பி16-க்குப் பழுப்பு, கேஐ-67-க்குச் சிவப்பு என்று சாயம் ஏற்றினால், கெட்ட செல் பழுப்பு உடம்பும் அதற்குள் சிவப்பு உட்கருவுமாகத் தனித்து நிற்கும். அப்படி ஒரே ஒரு செல் இருந்தாலும் பாசிட்டிவ். இரண்டரை மடங்கா மூன்று மடங்கா என்ற சண்டை அங்கே கிடையாது.

எச்பிவி பாசிட்டிவ் ஆனவர்களில் யாரைக் கால்போஸ்கோபிக்கு அனுப்புவது என்று பிரிப்பதில் இது சாதாரண பாப்பைவிட நன்றாக வேலை செய்கிறது. அமெரிக்காவில் 2020-இல் அங்கீகாரம் கிடைத்தது. நம் ஊரில் எல்லா லேபிலும் கிடையாது, விலையும் கூடுதல். எச்பிவி சோதனையே செய்யாமல் நேரடியாக இதற்குப் போக வேண்டாம்.

மெத்திலேஷன் சோதனை பற்றியும் சிலர் கேட்கிறார்கள். செல்லின் சொந்த மரபணுக்களில் ஒட்டும் வேதி அடையாளங்களைத் தேடுவது அது. நாள்பட்ட, முற்றிய மாற்றங்களில் நன்றாகத் தெரியும். நம் ஊரில் அன்றாடத்துக்கு இன்னும் வரவில்லை.

“புதுசா சாம்பிள் கொடுக்கணுமா, பழையதுலயே பாக்க முடியாதா?”

திரவத்தில் எடுத்த பாப் என்றால் அதே குப்பியில் மீதி இருப்பதிலேயே எச்பிவியும் டூயல் ஸ்டெயினும் பார்க்கலாம். குப்பியைக் குறிப்பிட்ட காலம்தான் வைத்திருப்போம், அதனால் ரிப்போர்ட் வந்த வாரமே கேளுங்கள். கண்ணாடி ஸ்லைடில் நேரடியாகத் தேய்த்த பழைய முறை என்றால் மறுபடி வரத்தான் வேண்டும். மாதவிடாய் நாட்களைத் தவிர்த்து வாருங்கள். அதற்கு முன் இரண்டு நாள் உறவும் உள்ளே வைக்கும் மருந்தும் வேண்டாம்.

வீட்டிலேயே நீங்களே எடுக்கும் சாம்பிளில் பிசிஆர் வழியாக எச்பிவி நன்றாகவே பார்க்கலாம். அதில் பாப்போ டூயல் ஸ்டெயினோ பார்க்க முடியாது. பாசிட்டிவ் வந்தால் ஒரு தடவை மருத்துவமனைக்கு வர வேண்டியிருக்கும் என்று தெரிந்துகொண்டே எடுங்கள்.

“ஆரம்ப சுகாதார நிலையத்துல அமிலம் தடவிப் பாத்து ஒண்ணும் இல்லன்னாங்க. அது போதாதா?”

விஐஏ என்கிற அந்தச் சோதனையை நான் மதிக்கிறேன். திண்டுக்கல் மாவட்டத்தில் பயிற்சி பெற்ற செவிலியர்கள் 30 முதல் 59 வயதுப் பெண்களுக்கு அதைச் செய்ததில், கருப்பை வாய்ப் புற்றுநோய் கால் பங்கும் அதனால் வரும் சாவு மூன்றில் ஒரு பங்குக்கு மேலும் குறைந்ததாக 2007-இல் முடிவு வெளிவந்தது. வேறு வசதி இல்லாத இடத்தில் அது உயிர் காத்திருக்கிறது.

ஆனால் கையில் ஆஸ்கஸ் ரிப்போர்ட் இருக்கும்போது விஐஏ நெகட்டிவை வைத்து அதைத் தள்ளிவிட முடியாது. பார்ப்பவர் கண்ணைப் பொறுத்தது என்ற பாப்பின் அதே பலவீனம் அதற்கும் உண்டு. மகாராஷ்டிரத்தின் உஸ்மானாபாத்தில் பாப், விஐஏ, எச்பிவி மூன்றையும் ஒப்பிட்டார்கள். 2009-இல் வந்த முடிவின்படி, ஒரே ஒரு தடவை எச்பிவி சோதனை செய்த பிரிவில்தான் சாவு தெளிவாக, ஏறத்தாழ பாதியாகக் குறைந்தது.

“எனக்கு மாதவிடாய் நின்னு பத்து வருஷம் ஆச்சு. எனக்கும் இதேதானா?”

வறட்சியால் வரும் போலி ஆஸ்கஸ் உங்கள் வயதில் அதிகம், அதனால் எச்பிவி சோதனை உங்களுக்கு இன்னும் பயன்படும். நெகட்டிவ் என்றால் விஷயம் பெரும்பாலும் அங்கேயே முடிந்துவிடும். விஐஏவை இந்த வயதில் நம்ப வேண்டாம், மாற்றம் தொடங்கும் இடம் உள்ளே சுருங்கிப் போய்விடுகிறது. கால்போஸ்கோபிக்கு முன் சில வாரம் ஈஸ்ட்ரோஜன் கிரீம் தருவதும் உண்டு.

“நான் கர்ப்பமா இருக்கேன்.”

எச்பிவி சோதனை எடுக்கலாம், குழந்தைக்குப் பாதிப்பில்லை. ஆஸ்கஸ் மட்டும் என்றால் கால்போஸ்கோபியைப் பிரசவத்துக்குப் பிறகு வைத்துக்கொள்வார்கள். ஏஎஸ்சி-எச் போன்ற கடுமையான சந்தேகம் என்றால் கர்ப்பத்திலேயே பார்ப்பார்கள்.

“பயாப்ஸில ‘சின் 2’ன்னு வந்திருக்கு. அதுலயும் சந்தேகமாம்!”

ஆமாம், சின் 2 நடுவில் மாட்டிக்கொண்ட படி. பாதிப்பேருக்குத் தானே பின்வாங்கும், சிலருக்கு முற்றும். அந்தச் சதைத் துண்டிலேயே பி16 சாயம் ஏற்றச் சொல்லிக் கேளுங்கள். அடர்த்தியாக, தொடர்ச்சியாகப் படிந்தால் கடுமையான மாற்றம் என்று எடுத்துக்கொள்வார்கள். குழந்தை பெற இன்னும் நினைத்திருக்கிறீர்கள் என்றால் முதலிலேயே மருத்துவரிடம் சொல்லுங்கள். உடனே அகற்றுவதா, ஆறு மாதத்துக்கு ஒருமுறை கவனிப்பதா என்பது அதைப் பொறுத்தும் மாறும்.

“கால்போஸ்கோபில ஒண்ணும் இல்லன்னுட்டாங்க. இத்தோட முடிஞ்சுதா?”

முடியவில்லை. வைரஸ் இன்னும் இருக்கிறது. ஒரு வருடம் கழித்து எச்பிவி சோதனை எடுக்க வேண்டும். சின் 3-ஐச் சரியாகச் சிகிச்சை செய்யாமல் விட்ட பெண்களை நியூசிலாந்தில் பின்தொடர்ந்தபோது, முப்பது வருடத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்குப் புற்றுநோய் வந்தது. மெதுவாக நகரும் நோய் என்பதால் ஒரு வருட இடைவெளி பயப்படும்படியானது இல்லை. ஆனால் அந்த ஒரு வருடம் மூன்றாகி, ஐந்தாகி, மறந்தே போய்விடுகிறது.

அடுத்த தடவை வரும்போது பழைய ரிப்போர்ட், எச்பிவி ரிப்போர்ட், பயாப்ஸி ரிப்போர்ட் மூன்றையும் ஒரே கவரில் கொண்டு வாருங்கள். பழைய ரிப்போர்ட்டின் மேல் ஓரத்தில் ஒரு ஸ்லைடு எண் இருக்கும். பழைய ஸ்லைடு எங்களிடம் இருந்தால் அந்த எண்ணை வைத்து எடுத்து, புதியதோடு பக்கத்தில் வைத்துப் பார்ப்போம்.